தயிராடை

நாய் கொழுத்துக் கிடந்ததைத்தான் உதயரூபன் முதலில் கண்டான்.

மாசி மாதம். வேளாண்மை வெட்டி முடிந்து, வயல் வட்டை முழுக்க வெட்டிய அரிதாள் மட்டும் நின்றது. எருமைப் பட்டியை அவன் அப்போதுதான் பழுகாமத்துக்கு ஓட்டி வந்திருந்தான். வயலில் நெல் நிற்கும் மாதங்களில் மாட்டுக்கு ஊரில் இடமில்லை. தூரத்து மேய்ச்சல் தரையில், தறப்பாள் கொட்டிலுக்குள், யானைக்குப் பயந்து பயந்து மாட்டோடு மாடாகக் கிடக்க வேண்டும். வெட்டு முடிந்தால்தான் மாடும் மனிதனும் வீடு திரும்பலாம். அப்படித் திரும்பியவன், முற்றத்தில் எழும்பி நின்று வாலாட்டிய கறுவலைக் கண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

போகும்போது விலா எலும்பு தெரிய நின்ற நாய் அது. இப்போது வயிறு மத்தளம் போல் தொங்கியது. கிணற்றடி வாளிக்குள் முகத்தை வைத்தால் எடுப்பதாயில்லை. குடிப்பதும், நாலடி போய்க் காலைத் தூக்குவதும், திரும்பி வந்து குடிப்பதுமாக இருந்தது. உதயரூபன் அதைப் பிடித்து வாயைப் பிளந்து பல் முரசைப் பார்த்தான். வயிற்றை அமுக்கிப் பார்த்தான். நோய், வருத்தம் என்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் சும்மா இருக்கிற நாய் இப்படித் தண்ணீர் குடிக்காது. மாட்டோடும் நாயோடும் பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியும்.

படியில் அவன் மகள் யதுர்ஷிகா உட்கார்ந்திருந்தாள். அடுத்த தைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை. குளவி கொட்டியது போல இரண்டு கண்மடலும் வீங்கி, முகம் ஊதி, காலில் விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. மார்கழி மழைக்குள் இதே வீக்கத்தோடுதான் அவளைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்; அவனும் மேய்ச்சல் தரையிலிருந்து வந்து இரண்டு நாள் நின்றான். சிறுநீரகம் ஓட்டை விழுந்த தேத்தண்ணி வடி மாதிரி ஆகிவிட்டது, உடம்பில் நிற்க வேண்டிய சத்து சிறுநீரோடு போகிறது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். தினமும் காலையில் எட்டுச் சின்ன வெள்ளைக் குளிசை, சாப்பாட்டுக்குப் பிறகு. ஒருநாளும் தவறக்கூடாது. தாமாக நிறுத்தவும் கூடாது.

"இந்த மருந்துக்குப் பசி கூடும். தண்ணி கேட்டுக்கேட்டுக் குடிப்பா. வயிறு வைக்கும். அதுக்குப் பயப்பட வேணாம்" என்றும் டொக்டர் சொல்லியிருந்தார்.

உதயரூபன் மகளைப் பார்த்தான். இருந்த பசியும் இல்லாமல், பிட்டை விரலால் நோண்டிக்கொண்டிருந்தாள். நாயைப் பார்த்தான். பசி, தண்ணீர், வயிறு, டொக்டர் சொன்ன அத்தனையும் நாய்க்கு இருந்தது.

மனைவி கம்சாயினியிடம் அவன் இதைக் கேட்கவில்லை. மறுநாள் பால் கறந்து வந்ததும் கேனைப் பின்பக்கம் இறக்கிவிட்டு, விறகு அடுக்கின் மறைவில் குந்தினான்.

கம்சாயினி முதலில் பிள்ளையின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மெழுகுதிரியில் பிடித்துச் சூடாக்கினாள். ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்ட வேலை. தெளிவாக நின்றால் மருந்து பிடிக்கிறது, வெளுத்தால் இல்லை. அது வெளுத்தது. பானையில் பால் திரைந்தது போலக் கட்டிகட்டியாக வெளுத்தது. குழாயை அவள் கவிழ்த்து ஊற்றிய விதத்தைப் பார்த்தாலே தெரிந்தது, இது அவளுக்குப் பழகிப்போன வெள்ளை.

பிறகு குளிசைகளைக் கரண்டியால் நசுக்கி, கோப்பையில் தயிரும் சீனியும் போட்டுக் கலக்கிப் பிள்ளையின் கையில் கொடுத்தாள்.

"கெட்டிக்காரிதானே? முழுக்கத் தின்னணும். அம்மா கிணத்தடிக்குப் போயிட்டு வாறன்."

யதுர்ஷிகா ஒரு வாய் தின்றாள். முகம் சுருங்கியது. இன்னொரு வாய். கிணற்றடிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கோப்பையைப் படிக்குக் கீழே வைத்தாள். கறுவல் ஏற்கெனவே அங்கே நின்றது. ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு அங்கே நிற்கிற நாய்க்குக் கூப்பிடத் தேவையில்லை. நக்கி முடிந்த கோப்பையை எடுத்துக்கொண்டு பிள்ளை தாயிடம் போனாள்.

"முடிஞ்சும்மா."

"அதுதான் என்ட பொன்னு."

உதயரூபன் விறகு மறைவிலிருந்து எழும்பி வந்தான். கம்சாயினி அவன் முகத்தைக் கண்டதும் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். பளபளவென்று துடைத்தது போலிருந்தது. கரண்டியால் எந்தப் பிள்ளையும் அப்படித் துடைக்காது.

"உனக்குத் தெரியுமா புள்ள?" என்று மனைவியைக் கேட்டான்.

அவள் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"முழுசாத் தெரியா. கொஞ்சம் நாய்க்குப் போகுது எண்டு நினைச்சன். பாதியெண்டாலும் புள்ளைக்குப் போகுதே எண்டுதான் இருந்தன்." வலது கையை நீட்டினாள். பெருவிரலடியில் பல் பதிந்து ஆறிய தழும்பு. "தனிய நிண்டு பாருங்க. முதல் கிழமை பிடிச்சுப் பருக்கினன். கடிச்சா. மறுகா சத்தி. குடுத்ததெல்லாம் சத்தியா வெளிய வந்தது. தயிரில போட்டாத்தான் வாயையே திறந்தா."

"கிளினிக்கில கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. ஒழுங்காக் குடிக்கிறாவா எண்டு. ஓம் எண்டு சொன்னன்."

"ஏன் பொய் சொன்னாய்?"

"பின்ன? அவ்வளவு சனத்துக்கு முன்னால, புள்ளைக்கு மருந்து குடுக்கத் தெரியாத தாய் எண்டு ஏச்சு வாங்கவா? நீங்க மாட்டுக்குப் பின்னால போயிட்டீங்க. உங்களுக்கென்ன."

அது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய உண்மையொன்று அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது. அடுத்த கிளினிக்குக்குள் சிறுநீர் தெளியாவிட்டால் இந்தப் பிள்ளைக்கு இந்த மருந்து பிடிக்கவில்லை என்றுதான் முடிவெடுக்க வேண்டிவரும், கொழும்புக்கு அனுப்பி முதுகுப் பக்கத்தால் ஊசி விட்டுச் சிறுநீரகத்தில் துண்டெடுத்துப் பார்ப்பார்கள், அதற்குமேல் இதைவிடக் கடும் மருந்து என்று டொக்டர் சொன்னதைக் கம்சாயினி அழுதழுது போனில் சொல்லியிருந்தாள்.

"மருந்து பிடிக்காமலா புள்ளைக்கு ஊசி குத்தப் போறாங்க? மருந்த நாய் திண்டதால குத்தப் போறாங்க" என்றான் உதயரூபன். "போன எடு. கிளினிக் நேர்ஸ் மிஸ்ட நம்பருக்கு அடி."

"எனக்கு ஏலா."

அவனே அடித்து, மணி போகும்போது போனை அவள் கையில் திணித்தான். கம்சாயினி சொன்னாள். முதலில் சொல் சொல்லாக, பிறகு ஒரே மூச்சில். அந்தப் பக்கத்திலிருந்து ஏச்சுக் கேட்டது. முற்றத்தில் நின்றவனுக்கும் கேட்டது. ஏச்சு முடிந்ததும் குரல் தணிந்தது.

"நல்ல காலம், இப்பவாவது சொன்னீங்க. டொக்டரிட்ட நான் சொல்லி, என்ன செய்யிற எண்டு கேட்டு எடுக்கிறன்."

சொன்னபடி மிஸ் திரும்பி எடுத்தாள். கொழும்புப் பேச்சு இப்போதைக்கு இல்லை. நாளைக் காலையிலிருந்து எட்டுக் குளிசையும் முழுசாகப் போக வேண்டும், கிளினிக் நாள் வரை ஒரு நாள் பிசகக்கூடாது. அரை மணித்தியாலத்துக்குள் சத்தியெடுத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் சிறுநீர் வெளுத்தால்தான் மற்றக் கதை.

உதயரூபன் அன்றே நாயைக் கட்டிப்போட்டான்.

"நாளைக்கு நான் குடுக்கிறன். நீ பாத்துக்கொண்டு நில்லு" என்றான் மனைவியிடம். "எத்தினை கண்டுக்குக் குடுத்த கை இது."

அந்தப் பெருமையில்தான் பிழை இருந்தது. எருமைக் கன்றுக்குப் பூச்சி மருந்து பருக்குவதென்றால் அவனுக்கு ஒரு சுருட்டுப் பற்றுகிற நேரம். கன்றைத் தொடைக்கிடையில் இறுக்கி, நாடியைத் தூக்கி, கடைவாயால் மூங்கில் குழாயைச் செருகிக் கவிழ்த்து, தொண்டையைத் தடவினால் இறங்கிவிடும். பட்டியில் ஒரு கன்றும் அவனை வென்றதில்லை.

காலையில் பிட்டுத் தின்ற பிள்ளையைத் தூக்கித் தொடைக்கிடையில் வைத்தான். நசுக்கித் தண்ணீரில் கரைத்த மருந்து ஆஸ்பத்திரிப் பிளாஸ்டிக் சிறிஞ்சில் தயாராக இருந்தது.

"இனிக்கும்டி. இந்தா, சீனித் தண்ணி."

யதுர்ஷிகா குழறி அழுதாள். அவன் நாடியைத் தூக்கினான். மூக்கைப் பிடித்தான். கடைவாயில் செருகி அமுக்கினான்.

மருந்து மூச்சுக்குழலுக்குள் போனது. குழறல் பாதியில் அறுந்தது. பிள்ளை வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை, மூச்சும் வரவில்லை. முகம் கறுத்தது. அவன் அவளைத் தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் அடித்தான், அடித்தான். ஒரு கேவலோடு மூச்சு திரும்பியது. அதன் பின்னாலேயே பிட்டும் மருந்துமாக எல்லாம் அவன் இடுப்புச் சாரத்தில் கொட்டியது.

கம்சாயினி பாய்ந்து பிள்ளையைப் பறித்தாள்.

"இது உங்கட எருமைக் கண்டா? சாவடிக்கப் பாத்தீங்களே! இனிப் புள்ளையத் தொட்டீங்களோ, பாருங்க!"

யதுர்ஷிகா தாயின் கையையும் உதறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்குக் கீழே போனாள்.

உதயரூபன் கிணற்றடியில் போய்க் குந்தினான். கன்று செத்தால் ஒரு கன்று போயிற்று, தாய் மாடு இரண்டு நாள் கத்தும். அதோடு முடிந்தது. இந்தக் கையால் என்ன செய்யப் பார்த்தோம் என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆனால் அந்தக் கைக்கு இன்றைய எட்டுக் குளிசை இன்னும் பாக்கி. பயந்து விட்டால் திரும்பவும் பாதிதான் போகும். பாதி போனால் கொழும்பு. இன்றைக்கு இது பிள்ளையின் வயிற்றுக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

எழும்பிப் போய், சிறிஞ்சில் மிஞ்சியிருந்ததைத் தன் நாக்கில் விட்டான்.

வேப்பம்பட்டையை அவித்துக் குடித்து வளர்ந்தவன் அவன். இது அந்தக் கசப்பு இல்லை. நாக்கில் பட்ட கசப்பு பல்லுக்கு ஏறி, தொண்டைக்கு இறங்கி, துப்பினாலும் போகாமல் நின்றது. தேத்தண்ணி குடித்தான், தேத்தண்ணியும் கசந்தது. இதையா இனிக்கும் என்று சொன்னோம்? அவள் இடத்தில் நானென்றாலும் நாய்க்குத்தான் வைப்பேன் என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு பெட்டியிலிருந்து ஒரு முழுக் குளிசையை எடுத்தான். பயற்றம் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. நாக்கில் வைத்து உடனே தண்ணீரோடு விழுங்கினான். கசப்பு எட்டிப் பார்ப்பதற்குள் அது போய்விட்டது. நசுக்கினதில்தான் வினை. திரும்பவும் மிஸ்ஸுக்கு அடித்தான். காலையில் நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னான். அதற்கும் ஏச்சு விழுந்தது. இருமல் இருக்கிறதா, மூச்சு இழுக்கிறதா என்று அவள் விசாரித்தாள். இல்லை என்றதும்தான் மற்றதற்கு வந்தாள்.

"முழுசா விழுங்கலாமா மிஸ்?"

"தாராளமா. ஆனா பழக்கணும். நேரா இருக்க வைச்சு ஒவ்வொண்டாக் குடுங்க. அழுற நேரம் வாய்க்குள்ள ஒண்டும் போடாதீங்க. மூக்கப் பிடிக்கிற வேலை இனி வேணாம். கேட்டுதா?"

"கேட்டுது."

பகல் முழுக்கப் பிள்ளை அவன் பக்கம் வரவில்லை. தாய் ஊட்டிய சோற்றைத் தின்றாள். சோற்றுக்குப் பிறகு கம்சாயினி ஒரு குளிசையைத் தண்ணீரோடு கொடுத்துப் பார்த்தாள். தண்ணீர் போனது, குளிசை நாக்கில் ஒட்டிக் கரைந்தது, துப்பினாள். வாழைப்பழத்துக்குள் வைத்துப் பார்த்தாள். பழத்தைக் கடித்துச் சப்பினாள், கசந்தது, துப்பினாள். வாய்க்குள் போன எதையும் சப்பிப் பார்க்காமல் விட அவளுக்கு இனிப் பைத்தியமா?

"சப்பாம வழுக்கிக்கொண்டு போற சாமான் ஒண்டு வேணும்" என்றான் உதயரூபன், தூரத்தில் நின்றபடி.

அந்த நேரம்தான் றிஷாட்டின் மோட்டார் சைக்கிள் வந்தது. காத்தான்குடியிலிருந்து தயிர் எடுக்க வருகிறவன். பின்னால் இரண்டு பக்கமும் மரப்பெட்டி கட்டியிருக்கும். அதற்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் சட்டி.

"என்ன அண்ணன், மய்யத்து வீடு மாதிரி இரிக்கி? சட்டியெல்லாம் ரெடியா? நாளைக்குக் கல்லடியில ஒரு கலியாணம். நல்ல ஆடையாப் பாத்துத் தாங்க."

சுவரோரம் வரிசையாகச் சட்டிகள் நின்றன. றிஷாட் ஒவ்வொன்றிலும் கடதாசியைத் தூக்கி, சட்டியைச் சரித்துப் பார்த்தான். அதுதான் சோதனை. நல்ல எருமைத் தயிரென்றால் மேலே மஞ்சள் பூத்த ஆடை தோல் போலப் படிந்திருக்கும். சட்டியைச் சரித்தாலும் கிழியாது. ஆடை கிழிந்த சட்டியை வாங்குகிறவன் தொடமாட்டான், யாரோ கை வைத்த எச்சில் என்பான். உள்ளே அதே தயிர்தான் என்று சத்தியம் செய்தாலும் எடுபடாது. அதனால் தயிர் உறைகிற வீடுகளில் பிள்ளைகளுக்கு நடக்கப் பழக்கும்போதே பழக்குகிற சட்டம் ஒன்று உண்டு: சட்டியில் கை வைக்கக்கூடாது. யதுர்ஷிகா மூன்று வயதில் ஒருமுறை கடதாசிக்குள் விரலை விட்டு ஆடையைச் சுருட்டித் தின்றாள். உதயரூபன் ஈர்க்கிலால் மணிக்கட்டில் போட்டான். அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் போய்க் குந்திப் பார்ப்பாள், தொடமாட்டாள்.

துப்பிவிட்டுத் திரும்பவும் கட்டிலுக்குக் கீழே போயிருந்தவளின் தலை இப்போது வெளியே நீண்டிருந்தது. றிஷாட் தூக்குகிற ஒவ்வொரு கடதாசியோடும் அந்த வீங்கிய கண் போய் வந்தது. கோப்பைத் தயிரை வெறுத்த பிள்ளைதான். ஆனால் ஆடை அவளுக்கு வேறு.

உதயரூபன் மகளின் கண்ணைப் பார்த்தான். ஆடையைப் பார்த்தான். ஆடையை யாரும் சப்புவதில்லை. அது தானாக வழுக்கிக்கொண்டு போகும்.

"றிஷாட், அந்தச் சட்டிய வை."

"இதா? இதுதான் அண்ணன் இண்டைக்கு ராசா. இதக் கலியாண மேசைக்கு..."

"வை எண்டன்."

சட்டியைத் தூக்கிவந்து வீட்டு நடுவில் வைத்து, அதற்கு முன்னால் சப்பணம் கட்டி உட்கார்ந்தான்.

"யது. இஞ்ச வா. வந்து ஆடையக் கிழி."

கட்டிலுக்குக் கீழே அசைவில்லை.

"கிழிச்சா அடிப்பீங்க."

"அடிக்கமாட்டன்."

"பொய். மருந்தும் இனிக்கும் எண்டீங்க."

"அது பொய்தான்" என்றான் உதயரூபன். "மருந்து கசக்கும். அப்பாவும் நக்கிப் பாத்தன். தேத்தண்ணி கூடக் குடிக்க ஏலாமப் போயிற்று. நான் உன்ன இறுக்கினதும் பிழை. இனி இறுக்கமாட்டன். வந்து கிழி."

றிஷாட் ஆள் மாறி ஆள் பார்த்தான். கம்சாயினி அவனுக்குக் கிசுகிசுத்தாள். கேட்டு முடிந்ததும் அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"என்ட மகள் ஸாதியாவும் இப்பிடித்தான். மருந்துப் போத்தலைக் கண்டா அடுத்த வளவுக்கு ஓடிருவா. அண்ணன், பிள்ளைக்குக் குடுங்க, வேணாம் எண்டு சொல்லல்ல. ஆனா கிழிஞ்ச சட்டிய நான் எடுக்கமாட்டன். இப்பவே செல்லிப்போட்டன்."

"உன்ன எடுக்கச் சொன்னதாரு?"

யதுர்ஷிகா ஊர்ந்து வெளியே வந்தாள். தகப்பனின் கைக்கு எட்டாத பக்கமாகச் சுற்றி வந்து சட்டிக்கு முன்னால் குந்தினாள். ஒரு விரலை நீட்டினாள். தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். விரலை வைத்தாள். ஆடை அமுங்கி, பிறகு பிளந்தது. அடி விழவில்லை. விரலில் சுருண்டு வந்ததை வாய்க்குள் இழுத்துக்கொண்டாள்.

"சப்பினியா?"

"இல்ல. போயிற்று."

"பாம்பு முட்டைய விழுங்கிற மாதிரிப் போயிற்றா?"

"ஓம்."

"இப்ப இதப் பாரு." உள்ளங்கையில் ஒரு குளிசையை வைத்து நீட்டினான். "இது மருந்து. உனக்குத் தெரியாம ஒளிச்சு வைக்கல்ல. நீயே ஆடையால சுத்து. சப்பினாக் கசக்கும். சப்பாட்டிக் கசக்காது. எட்டு விழுங்கணும். எட்டுக்கும் ஆடை நீதான் கிழிக்கிறாய்."

அவள் விரல் மடித்து எட்டை எண்ணிப் பார்த்தாள். பிறகு குளிசையை எடுத்து, ஆடைத் துண்டின் நடுவில் வைத்து, வெற்றிலை மடிக்கிற மாதிரி மடித்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து வாய்க்குள் வைத்தாள். கழுத்து ஒருமுறை ஏறி இறங்கியது. கம்சாயினி தண்ணீரை நீட்டினாள்.

"வாயைத் திற. நாக்கத் தூக்கு."

ஒன்றுமில்லை. போய்விட்டது.

இரண்டாவதும் போனது. மூன்றாவதைச் சப்பிவிட்டாள். கசப்பு முகமெல்லாம் ஓட, துப்பி, தரையில் புரண்டு அழுதாள். உதயரூபன் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அந்தக் கையைச் சும்மா வைத்திருப்பது பட்டியில் ஒரு கடாவைக் கட்டுவதைவிடப் பாடாக இருந்தது. அழுகை ஓயும்வரை இருந்தான். வாய் கொப்பளிக்கவிட்டு வேறொரு குளிசையை எடுத்து வைத்தான்.

"மூண்டாவது."

"வேணா."

"வேணாந்தான். ஆனா விழுங்கணும்."

விழுங்கினாள். நாலாவதும் போனது. சட்டியில் ஆடை முடிந்து வெள்ளைத் தயிர் தெரிந்தது. அவள் தகப்பனைப் பார்த்தாள். அவன் கையை நீட்டிப் பக்கத்துச் சட்டியை இழுத்தான்.

"அண்ணன்! அது கல்லடிக் கலியாணச் சட்டி! ஆடை கிழிஞ்சா அந்த மாமாமார் என்ட தோலைக் கிழிப்பாங்க!"

"கிழிச்சா உனக்கு நான் ஆடை போர்த்து விடுறன். கிழி மகள்."

கம்சாயினிக்குச் சிரிப்பு வெடித்தது. அந்த வீட்டில் மார்கழிக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அது. பிள்ளைக்கு என்னவென்று விளங்கவில்லை. ஆனாலும் தாயைப் பார்த்து அவளும் பல்லைக் காட்டினாள். அந்தச் சூட்டோடு ஐந்தும் ஆறும் போயின. ஏழாவதுக்குக் கொஞ்சம் ஓங்காளித்தாள்; அதுவும் நின்றது.

எட்டாவதில் வாயை மூடிக்கொண்டாள்.

"காணும். போதும்."

"ஒண்டு இரிக்கி."

"நாளைக்கு."

"நாளைக்கு நாளையான் எட்டு இரிக்கு. இது இண்டையான்."

"எனக்கு ஏலா."

உதயரூபன் அசையவில்லை. வெளியே வெயில் சாய்ந்துகொண்டு வந்தது. கன்றுகளைப் பிரித்துக் கட்டுகிற நேரம். கட்டாவிட்டால் இரவோடிரவாகத் தாயைக் குடித்துவிடும், காலையில் கறக்கப் பால் இருக்காது. எருமைகள் வேலிப் பக்கம் வந்து நின்று முக்காரமிட்டன. அந்தச் சத்தத்துக்கு எழும்பாமல் அவன் வாழ்நாளில் இருந்ததில்லை. கம்சாயினி வாசலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"மாடு கத்துது. புள்ளைய நான் பாக்கிறன், நீங்க போங்க."

"கத்தட்டும்."

அந்தச் சொல் பிள்ளைக்கும் விளங்கியது. மாடு கத்தியும் எழும்பாத அப்பாவை அவள் இதுவரை கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டு அவனையே பார்த்தாள். அவனும் பார்த்தான். ஏசவில்லை, கெஞ்சவில்லை, மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. மருந்தும் இருந்தது, அவனும் இருந்தான்.

கடைசியில் அவளே குளிசையை எடுத்தாள். மடித்தாள். விழுங்கினாள். விழுங்கின கையோடு தொண்டை எதிர்த்தது. குமட்டிக்கொண்டு ஆடையும் குளிசையும் அப்படியே பாயில் வந்து விழுந்தன. அவள் பயந்துபோய்த் தகப்பனின் கையைப் பார்த்தாள்.

உதயரூபன் குனிந்து பார்த்தான். ஒன்றுதான் வந்திருந்தது. மற்ற ஏழும் உள்ளே. சீலைத் துண்டால் துடைத்தான். பெட்டியைத் திறந்து இன்னொரு குளிசையை எடுத்து உள்ளங்கையில் வைத்தான்.

"பறவாயில்ல. எட்டாவது."

இரண்டாவது சட்டியிலும் ஆடை முடிந்திருந்தது. அவன் மூன்றாவதுக்குக் கை நீட்ட முன்னமே சட்டியொன்று தரையில் உரசிக்கொண்டு வந்தது. றிஷாட் தள்ளியிருந்தான். கடதாசியையும் அவனே எடுத்துவிட்டான்.

"கிழி மகள்" என்றான். "கலியாண வீட்டுக்கு நான் ஏதாவது பொய் செல்லுறன். நமக்கு அது பழக்கம்தானே."

யதுர்ஷிகா இந்தமுறை சின்னதாகக் கிழித்தாள். நேராக உட்கார்ந்தாள். ஒரு வாய் தண்ணீர் முதலில் குடித்தாள், அது அவளாகக் கண்டுபிடித்த வழி. மடிப்பை வைத்தாள். கண்ணை இறுக்கி மூடினாள். கழுத்து ஏறி இறங்கியது. மேலும் தண்ணீர்.

கம்சாயினியும் றிஷாட்டும் குனிந்து பார்த்தார்கள்.

வாயைத் திறந்தாள், சொல்லாமலே நாக்கைத் தூக்கினாள், இரண்டு கன்னத்தையும் விரலால் இழுத்துக் காட்டினாள்.

மருந்து நிற்கிறதா என்று பார்க்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. உதயரூபன் அவளைத் தூக்கி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டான். தொடும்போது உடம்பு ஒருமுறை விறைத்தது. பிறகு மெல்ல இளகியது. ஓடவிடவில்லை, படுக்கவிடவில்லை. றிஷாட் மீதிச் சட்டிகளைச் சத்தமில்லாமல் வைக்கோலுக்குள் அடுக்கினான். கம்சாயினி போய்க் கன்றுகளைப் பிரித்துக் கட்டிவிட்டு, கால் கழுவி வந்து வாசலில் நின்றாள்.

"நிண்டுதா?"

"நிண்டுது."

பிள்ளை அவன் நெஞ்சில் சாய்ந்து வாயைப் பிளந்தபடி தூங்கியிருந்தாள். வீக்கம் அப்படியேதான் இருந்தது. ஒரு நாள் மருந்துக்கு வீக்கம் வற்றாது. நாளைக்கும் குழாயில் வெள்ளைதான் திரையும், நாளன்றைக்கும் திரையலாம். அழுவாள், சப்புவாள், துப்புவாள். கிளினிக் நாள் வரைக்கும் ஒவ்வொரு காலையும் இதே இருப்பு இருக்க வேண்டும்.

கம்சாயினி அடுப்பில் காய்ச்சி இறக்கிய பாலைச் சட்டிகளில் ஊற்றத் தொடங்கினாள்.

"மூண்டு சட்டி கூட ஊத்து புள்ள" என்றான் உதயரூபன். "அது விக்கிறதுக்கில்ல."